வீதி பொதுச்சொத்து

தமிழ் மொழியில் தெருவைக் குறிக்கும் சொற்கள் பல. தெரு, வீதி, மறுகு, சாலை, சந்து, முடுக்கு என்று நம் முன்னோர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயரிட்டு வழங்கினர். அகன்றதையும் குறுகியதையும், வாணிபம் நடப்பதையும் தேர் ஓடுவதையும் வேறு பிரித்தறிந்த மக்களுக்குத் தெருவின் அருமை தெரியாதென்று எவரும் கூறார். ஆயினும் அதே மொழியில், கதியற்றுப் போனவனைத் 'தெருவில் நிற்கிறான்' என்கிறோம். கைவிடப்பட்டவனை 'நடுத்தெருவில் விட்டார்கள்' என்கிறோம். வாயிற்படி வரையில்தான் நம்முடையது, அதற்கப்பால் யாருடையதோ என்னும் எண்ணம் இவ்வழக்குகளில் ஒளிந்து கிடக்கின்றது.

மற்றொரு புறம், 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பதும் நம்முடைய பழமொழியே. தேரோடும் நாளில் தெரு ஊராருடையதாகிவிடுகிறது. பள்ளத்தை நிரப்புவர், குறுக்கே நீண்ட கிளைகளை வெட்டுவர், குழந்தைகள் சக்கரத்தருகே போகாதபடி பெரியவர்கள் காவல் நிற்பர். தேர் நிலைக்கு வந்த மறுநாளோ, அதே தெருவில் குப்பையைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வர். விழா நாளில் இருந்த பொறுப்பு மற்றை நாட்களில் எங்கே போயிற்று?

நேயர்களே, இக்கேள்வி வெறும் சொற்சுவைக்காக எழுப்பப்பட்டதன்று. ஒரு வீதி எப்போது அபாயமற்றதாகிறது? விளக்குப் போட்டால் மட்டும் ஆகுமா? சட்டம் இயற்றினால் ஆகுமா? போலீஸ்காரரை நிறுத்தினால் ஆகுமா? இவையனைத்தும் வேண்டியனவே. ஆனால் இவற்றிற்கெல்லாம் அடிப்படையாக மற்றொன்று வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் நகரத்தின் இருநூறு ஆண்டு வரலாறு நமக்குக் காட்டுகின்றது. அவ்வரலாற்றை நம்மவர் கண்கொண்டு ஒருமுறை பார்ப்போம்.

தாய்நாட்டுத் தெரு

கடல் கடந்து வந்த தமிழரில் பலர், தம் சொந்த ஊரிலேயே எல்லாத் தெருக்களிலும் நடக்கும் உரிமை பெறாதவர்கள். இன்ன சாதியார் இன்ன தெருவிற் கால் வைக்கலாகாது, வைத்தாற் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், குடையை மடக்கிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. அத்தகைய ஊரிலே தெரு என்பது பொதுவழியன்று. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைத் தடுத்து நிறுத்தும் வேலியாகும்.

அவ்வேலியை உடைக்க எழுந்த கிளர்ச்சிகளுள் தலையாயது, திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் வைக்கம் என்னும் ஊரில் 1924-ம் ஆண்டு மார்ச்சு 30-ம் தேதி தொடங்கியது. கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்பதற்காக அப்போராட்டம் நடந்தது. ஈ.வெ. இராமசாமி அவர்கள் அங்குச் சென்று இருமுறை சிறை புகுந்தார்கள். 1925-ம் ஆண்டு நவம்பரில் கிளர்ச்சி முடிவுற்றபோது, கிழக்குப் பக்கம் ஒழிய மற்ற வீதிகள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. அதே 1924-ம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொது வீதிகளையும் பொதுக் கிணறுகளையும் எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் கருத்துடைய தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். தெருவிலே நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது என்றால், அந்நாளைய நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வைக்கத்தில் சிறை சென்ற ஈ.வெ.ரா. அவர்கள் 1929-ம் ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது, தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருந்த நம்மவர் திரள் திரளாகக் கூடிய காரணங்களுள் இதுவும் ஒன்று என்க. ஊரில் அடைபட்டிருந்த தெருவை இங்குத் திறந்த வழியாகக் கண்டவர்கள் அவர்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சர்க்கார் சாலையில் நடப்பவனை நிறுத்திச் சாதி கேட்பாரில்லை. இது சிறிய மாறுதலன்று. ஆனால், யாவரும் நடக்கலாம் என்பது ஒன்று. யாவரும் அச்சமின்றி நடக்கலாம் என்பது வேறொன்று. முதலாவது நமக்கு வந்தவுடன் கிடைத்தது. இரண்டாவதற்கு நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது.

அஞ்சடியும் விளக்கும்

1822-ம் ஆண்டில் சிங்கப்பூர் நகரத்தை அமைப்பதற்கு ராபிள்ஸ் துரை கட்டளைகள் வகுத்தபோது, கடைவீதிகளின் இருமருங்கும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைபாதை ஒன்று தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றும், அது எப்போதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் விதித்தார். மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்பதும், நம்மவர் 'அஞ்சடி' என்பதும் அந்த ஐந்தடிப் பாதையே. வெயிலுக்கும் மழைக்கும் மறைவாக, மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் ஒதுங்கி ஏழை மக்கள் நடந்து செல்ல இதைவிட நல்ல ஏற்பாடு அக்காலத்தில் வேறில்லை. ஆயினும் இதிலே ஒரு சிக்கலும் கூடவே பிறந்தது. பாதை இருப்பது கடைக்காரன் மனையில், நடப்பவர் பொதுமக்கள். அஃது அவனுடையதா, ஊராருடையதா என்னும் வழக்கு அன்றே வித்திடப்பட்டது.

1824-ம் ஆண்டில் நகரத் தெருக்களில் முதன்முதலாகத் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவற்றின் ஒளி மின்மினியினும் சிறிது மேலானதே. எனினும், இருளில் நடப்பவன் எதிரே வருபவனின் முகத்தையாவது பார்க்க முடிந்தது. 1864-ம் ஆண்டு மே மாதத்தில் வாயு விளக்குகளும், 1906-ம் ஆண்டில் மின்சார விளக்குகளும் வந்தன.

இத்தெருக்களை இட்டவர் யார்? 1825-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் வந்திறங்கினார்கள். முதலில் வந்த எண்பதின்மர் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்து வங்காளத்தினின்றும் பிற இடங்களினின்றும் பலர் கொணரப்பட்டனர். சதுப்பு நிலத்தைத் தூர்த்தும், கல் உடைத்தும், காட்டை வெட்டியும் அவர்கள் சாலைகளை அமைத்தார்கள். நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்னும் பெருவீதிகள் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. 1873-ம் ஆண்டோடு கைதிகள் ஏற்பாடு ஒழிந்தபின், கூலிகளாக வந்த தமிழர் அவ்வேலையைத் தொடர்ந்தனர். மராமத்து இலாகாவிலும் முனிசிபாலிட்டியிலும் தார் உருக்கியவர்களும், சாக்கடை வாரியவர்களும், தெருக் கூட்டியவர்களும் நெடுங்காலம் பெரும்பாலும் நம்மவரே. வீதியை அமைத்தவன் அதனை எவ்வாறு ஆளவேண்டும் என்பது பற்றிச் சொல்ல அன்று ஒரு வாய் இருந்ததா? இல்லை. அதனால் விளைந்த கேட்டை இனிக் காண்போம்.

கேளாத செவியும் மூடிய கடையும்

1856-ம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த சர்க்கார், போலீஸையும் நகரச் சுகாதாரத்தையும் பற்றிப் புதிய சட்டங்களை இயற்றிற்று. தெருவை அடைத்தல், இரைச்சலிடுதல், ஊர்வலம் போதல் முதலியவற்றிற் போலீஸாருக்கு அதிகாரம் மிகுந்தது. சட்டத்தின் நோக்கம் தீதன்று. தெருவிலே வழி வேண்டும், தூய்மை வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் அக்கருத்தை ஜனங்கள் தம் மொழியில் தெளிவாக அறியுமுன்னரே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. 1857-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சீனக் கடைக்காரர் அனைவரும் கடைகளை மூடினர். அடுத்த மாதத்தில் தெலுக் ஆயரில், விழாவுக்காகப் பள்ளிவாசலருகே கூடியிருந்த தமிழ் முஸ்லிம்களுக்கும் போலீஸாருக்கும் கைகலப்பு நேர்ந்து, போலீஸார் சுட்டதில் உயிர்ச்சேதம் உண்டாயிற்று. வழியை ஒழுங்கு செய்ய எழுந்த சட்டம், வழியிலே பிணம் விழச் செய்தது.

இதிலிருந்து பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைப்போம். முப்பது ஆண்டு கழித்து அதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. 1880-ம் ஆண்டில் ரிக்ஷாக்கள் வந்தன; 1886-ம் ஆண்டில் நீராவி டிராம் ஓடத்தொடங்கியது. நடுவீதியிலே நெரிசல் மிகுந்ததனால், நடப்பவருக்கு அஞ்சடியே தஞ்சம் என்றாயிற்று. அஞ்சடியிலோ கூடைகளும், பீப்பாய்களும், அடுப்புகளும், தையற்காரரும், நாவிதரும்! இதைக் காலி செய்யவேண்டும் என்று முனிசிபாலிட்டி எண்ணியது நியாயமே. 1887-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு, 1888-ம் ஆண்டு பிப்ரவரியில் அதிகாரிகள் அஞ்சடிகளைக் காலி செய்யப் புகுந்தனர். கடைகள் மூடப்பட்டன, கல்லெறி தொடங்கியது, டிராம் வண்டிகள் தாக்கப்பட்டன, மூன்று நாட்கள் நகரத்தில் தொழில் நின்றது. 'அஞ்சடிக் கலகம்' என்பது இதுவே.

கலகம் எப்படி அடங்கிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நடப்பவருக்குப் போதுமான வழி விட்டு, எஞ்சிய இடத்தில் கடைக்காரர் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இதனை முதல் நாளே கூப்பிட்டுப் பேசி முடித்திருக்கலாம் அன்றோ? கடைக்காரனும் மனிதனே, அவன் பிள்ளையும் அந்த அஞ்சடி வழியாகத்தான் நடக்கிறது. பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் ஒன்றுக்காக நகரம் மூன்று நாள் மூடிக்கிடந்தது. அந்நாளைய அதிகாரிகளின் குற்றம் ஒன்றே: அவர்கள் வீதியை வரைபடத்திற் கண்டார்கள், அதில் வாழும் ஜனங்களைக் கண்டாரில்லை.

ஊர்வலமும் உயிரும்

இனி, பின்னாளில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 1952-ம் ஆண்டில் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் தமிழர் திருநாள் தோன்றியது. சாதியும் சமயமும் பாராமல் தமிழர் அனைவரும் ஓரிடத்திற் கூடும் விழா ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம். பொங்கலையொட்டிச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பல வட்டாரங்களில் அது நடைபெற்றது. பேச்சும், பாட்டும், விளையாட்டும், போட்டியும் இருந்தன. இத்தகைய விழாவினால் வரும் நன்மைகளுள் பலரும் எண்ணாத ஒன்று உண்டு. ஒரு தெருவார் ஒருவரையொருவர் முகமறிந்து கொள்கிறார்கள். முகமறிந்த தெருவிலே குழந்தை வழி தப்பினால் வீடு வந்து சேரும். கிழவர் தடுக்கி விழுந்தால் தூக்குவோர் இருப்பர். வம்புக்காரன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பான். போலீஸ் நிலையம் தரமுடியாத காவல் அது.

இக்காவல் இல்லாவிடில் என்னாகும் என்பதை 1964-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதி காட்டிற்று. நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலினின்றும் கேலாங் நோக்கிச் சென்றபோது கலவரம் மூண்டது. அரசியல் பகைமையால் இனப்பகை மூட்டப்பட்டிருந்த காலம் அது. அந்நாட்களில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். ஊரடங்குச் சட்டம் தெருக்களை வெறுமையாக்கிற்று. ஆனால் வெறுமையான தெரு பத்திரமான தெருவன்று. அஃது அஞ்சிய தெரு. ஆதலின் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் அவற்றில் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று வதந்திகளை மறுத்தனர். அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்தினர். துப்பாக்கி அடக்கிய கலவரத்தை மீண்டும் எழாமல் காத்ததில் அக்குழுவினருக்குப் பெரும்பங்கு உண்டு. 1978-ம் ஆண்டு தொடங்கிச் சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புக்களில் குடியிருப்பாளர் குழுக்கள் ஏற்பட்டன. 1983-ம் ஆண்டில் அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் முதன்முதலாகத் தோபாயோவில் திறக்கப்பட்டது. காவலர் ஜனங்களுக்கு அருகே வரவேண்டும், ஜனங்களே பாதிக் காவலர் ஆகவேண்டும் என்னும் எண்ணத்தின் வளர்ச்சியே இவையெல்லாம்.

ஒரே ஆண்டின் இரண்டு செய்திகள்

விழாவையும் பத்திரத்தையும் எவ்வாறு பொருத்துவது என்பதற்கு 1973-ம் ஆண்டு இரண்டு உதாரணங்களை ஒருங்கே தருகின்றது.

1970-ம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது பட்டாசு வெடித்ததனால் 6 பேர் இறந்தனர். 68 பேர் காயமுற்றனர். அடுத்தடுத்த கட்டுப்பாடுகளுக்குப் பின் 1972-ம் ஆண்டில் பட்டாசு முற்றிலும் தடுக்கப்பட்டது. சீனப் பெருமக்களுக்கு இது மனத்தாங்கலாகவே இருந்தது; பட்டாசில்லாப் புத்தாண்டு அவர்களுக்கு ஒலியிழந்த வீடு போன்றது. இதனை உணர்ந்து, 1973-ம் ஆண்டு பிப்ரவரியில் மக்கள் கழகத்தார் தற்காப்புக் கலைச் சங்கத்தாருடன் சேர்ந்து 'சிங்கே' ஊர்வலத்தைத் தெருவில் நடத்தினார்கள். அபாயத்தை நீக்கினார்கள், அதன் இடத்தில் மகிழ்ச்சி ஒன்றை வைத்தார்கள். பின்னாளில் மலாய்க்காரரும் இந்தியரும் அதிலே பங்கு கொண்டமையால், ஒரு வகுப்பாரின் குறை எல்லா வகுப்பாரின் விழாவாக முடிந்தது.

அதே 1973-ம் ஆண்டில், தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசித்தல் தடுக்கப்பட்டது. ஊர்வல வழியில் சச்சரவுகள் நிகழாதிருக்கவே இவ்வாறு செய்ததாகச் சர்க்கார் தரப்பிற் கூறப்பட்டது. காவடியைப் பற்றிச் சீர்திருத்தக்காரர் கொண்டுள்ள கொள்கை வேறு. அது இங்கு வழக்கன்று. தடை விதித்த இடத்திலே வேறு ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை என்பதே இங்குக் கருதவேண்டியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்குறை நீறுபூத்த நெருப்பாகக் கிடந்தது. 2015-ம் ஆண்டு ஊர்வலத்தில் மேளம் வாசித்ததையொட்டிப் போலீஸாரோடு கைகலப்பு ஏற்பட்டுச் சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அதன்பின் இந்து அறக்கட்டளை வாரியத்தார் மக்களின் கருத்தைக் கேட்டனர். 2016-ம் ஆண்டில் ஊர்வல வழியில் மூன்று இடங்களில் இசை வாசிக்க அனுமதி கிடைத்தது. இடமும் நேரமும் வரையறுக்கப்பட்டன. ஊர்வலம் ஒழுங்காகச் சென்றது. 1888-ம் ஆண்டின் அஞ்சடி உடன்பாட்டை இது நமக்கு நினைவூட்டவில்லையா? நடக்க இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று அன்று முடிந்தது. வழிக்கு இவ்வளவு, இசைக்கு இவ்வளவு என்று இன்று முடிந்தது. இரண்டிலும் சண்டை முந்திற்று, பேச்சுப் பிந்திற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு

2013-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு தேக்கா வட்டாரத்தில் ஹேம்ப்ஷயர் ரோடும் ரேஸ்கோர்ஸ் ரோடும் சந்திக்கும் முனையில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டு உயிரிழந்தார். அதனைக் கண்ட கூட்டம் கொதித்தெழுந்தது. போலீஸ் வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன. உயிர் காக்க வந்த மருத்துவ வண்டியும் தீக்கிரையாயிற்று. காவலரும் தீயணைப்போரும் காயமுற்றனர். சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத கலவரம் அது.

கலவரம் செய்தவர்களை நாம் நியாயப்படுத்தமாட்டோம். மீட்க வந்தவர்மீது கல்லெறிவது அறிவுமன்று, அறமுமன்று. அதனால் அவதியுற்றோரும் பெரும்பாலும் நம்மவரே. இருபத்தைவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். கடன்பட்டு வந்தவன் கடனோடு திரும்புவதென்றால் என்னவென்று நம் வீட்டார் அறிவர்.

ஆயினும் அந்த வீதியின் நிலை யாது? வாரம் ஆறு நாள் கட்டடத்தின் உச்சியில் நின்று உழைப்பவனுக்கு ஏழாம் நாள் கிடைத்தது தேக்கா ஒன்றே. ஊருக்குப் பணம் அனுப்ப அங்கே. அரிசி, மிளகாய் வாங்க அங்கே. சொந்தக்காரனைச் சந்திக்க அங்கே. உட்கார்ந்து பேசப் புல்தரையும் அங்கே. ஆயிரக்கணக்கானோர் மாலையிற் கூடி, இரவில் ஒரே நேரத்தில் பேருந்து பிடிக்க நெருக்கியடிக்கும் இடம் அது. நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற ஜி. பன்னீர் செல்வம் அவர்கள் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 2014-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், விபத்தே கலவரத்தைத் தூண்டியது என்றும், மீட்புப் பணியைக் கூட்டத்தார் தவறாகப் புரிந்துகொண்டனர் என்றும், மது அதனைப் பெருக்கியது என்றும் கூறிற்று. அத்துடன், தொழிலாளர் கூடும் இடங்களில் விளக்கும் பிற வசதிகளும் திருந்தவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல் பொதுவிடங்களில் இரவு பத்தரை மணிக்குமேல் மது அருந்துதல் சிங்கப்பூர் முழுவதும் தடுக்கப்பட்டது; தேக்கா வட்டாரத்திலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிற்று.

மதுவை ஒழிக்க வேண்டுமென்று நெடுங்காலமாகச் சொல்லி வரும் சீர்திருத்தக்காரர் இதனை வெறுக்கமாட்டார். கள்ளுக்கடை நம் தோட்டங்களைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். ஆனால் விளக்கைப் பற்றிய அப்பரிந்துரையை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நெரிசலும் மங்கிய ஒளியும் ஒரு நாளில் உண்டானவை அல்ல, ஞாயிறுதோறும் அங்கிருந்தவை. அவ்வழியே போய்வந்த கடைக்காரர், கோயிலார், சங்கத்தார், ஊரார் யாவரும் அவற்றைக் கண்டவரே. நேற்று வந்த அத்தொழிலாளி வீதியைப் பற்றிக் குறை சொல்ல எந்தக் குழுவில் இடம் பெற்றிருந்தான்? கைதியாக வந்து கல்லுடைத்தவனுக்கு வாய் இல்லாத நிலை 1825-ல் இருந்தது. அது முற்றிலும் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள 2013-ம் ஆண்டு நமக்கு இடம் வைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றின் முடிவு இதுதான்: சட்டமும் விளக்கும் காவலும் தேவை, ஆனால் வீதியில் நடப்பவனையும், கடை வைத்திருப்பவனையும், குடியிருப்பவனையும் முன்கூட்டியே கலந்துகொண்டு செய்த ஏற்பாடே நிலைத்தது. கலவாமற் செய்தது கலகத்தில் முடிந்தது. அல்லது நெடுங்காலம் மனத்தாங்கலாக நின்றது. 2014-ம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் முதியோர் மிகுதியாக வாழும் வட்டாரங்களில் 'வெள்ளி வட்டாரம்' என்று வகுத்து, வண்டிகள் விரைந்து செல்லாதபடி சாலையை வளைத்தும், நடுவே நின்று இளைப்பாறிக் கடக்க மேடை அமைத்தும் வருகிறார்கள். கிழவி ஒருத்தி எவ்வளவு மெதுவாக நடப்பாளோ அவ்வளவுக்குச் சாலையும் பொறுத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இது நல்ல வழி. இதனைக் கேட்டுப் பெறும் ஊக்கம் ஒவ்வொரு வட்டாரத்தாருக்கும் வேண்டும்.

நம்மவர் நடத்தும் விழாக்களோ குறைவில்லை. தீபாவளி, பொங்கல், தைப்பூசம், தீமிதி, தமிழர் திருநாள், பள்ளி ஆண்டுவிழா என ஆண்டு முழுதும் தோரணம் காய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அதற்கொரு தலைவர், காரியதரிசி, பொருளாளர். மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடத் தயங்குவதில்லை. அக்குழுக்கள் விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு மாலைப்பொழுது தம் தெருவை நடந்து பார்க்கட்டும். எந்த விளக்கு எரியவில்லை, எந்தச் சாக்கடைக்கு மூடியில்லை, பள்ளிப் பிள்ளைகள் எந்த முனையில் ஓடிக் கடக்கிறார்கள், கூட்டம் கலையும்போது வண்டிகள் எவ்வழி வருகின்றன என்று எழுதிக்கொள்ளட்டும். அதனை நகராண்மைக் கழகத்துக்கோ நகர மன்றத்துக்கோ எழுத்து மூலம் கொடுத்து, பதில் வரும் வரையில் விடாது கேட்கட்டும். எழுதிக் கேட்கும் பத்துப் பேருக்கு உள்ள மதிப்பு, முணுமுணுக்கும் ஆயிரம் பேருக்கு இல்லை. விழா முடிந்தபின் குழுவைக் கலைத்துவிடாமல், மறு ஆண்டு வரையில் தெருவின் காவற்குழுவாக அது நிலைக்கட்டும். அக்குழுவில் பெண்களுக்கும், வாடகைக்கு இருப்போருக்கும், விடுதியிலிருந்து வரும் தொழிலாளருக்கும் இடம் வைக்கவேண்டும். இருளில் எந்த முனை அச்சந்தரும் என்பதை வண்டியிற் போகும் தலைவரைவிட, வேலை முடிந்து நடந்து வரும் பெண் நன்கறிவாள்.

தோட்டங்களில் இன்றும் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல். லயத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வரும் செம்மண் பாதை உங்கள் தெருவே. லாரிகள் விரையும் அவ்வழியிலேதான் உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு ஒன்றுகூடும் நீங்கள், அப்பாதைக்கு இரண்டு விளக்கும், வளைவிலே ஓர் எச்சரிக்கைப் பலகையும் வேண்டுமென்று நிர்வாகத்தாரிடம் ஒன்றுகூடிக் கேட்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர்களும் அவ்வாறே, மாடிப்படிக்கு வெளியேயுள்ள வீதியைத் தமதாகக் கொள்ளவேண்டும்.

தெருவிலே நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் மக்கள் சிறை சென்றார்கள். இங்கோ அவ்வுரிமை கேளாமலே வந்தது. உழையாமல் வந்த செல்வத்தைப் போல அதனை நாம் அலட்சியம் செய்தல் ஆகாது. கல்லுடைத்தும் தார் ஊற்றியும் நம் பாட்டன்மார் இட்ட சாலைகள் இவை. அவற்றில் எக்குழந்தையும் அடிபடாமல், எந்தத் தொழிலாளியும் இருளில் மடியாமல், எக்கிழவியும் அஞ்சி நிற்காமல் நடந்து செல்லும்படி செய்வது நம் கடமையாகும். அடுத்த விழாவுக்குக் கொடி நடும்போதே, அத்தெருவில் எரியாத விளக்கையும் எண்ணிக் குறித்துக் கொள்வோமாக!